ஐதராபாத் பலூன் தளம்

அறிவியல் கருவிகளை வளிமண்டலத்தின் மேலடுக்குகளுக்குச் சுமந்து செல்லும் பெரும் பலூன்களைச் செய்து ஏவும் இடம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது.

1912இல் ஆஸ்திரியரான விக்டர் ஹெஸ், பலூனில் 5 கி.மீ.க்கு மேல் ஏறிக் காஸ்மிக் கதிர்களைக் கண்டறிந்தார். அதே கதிர்களைத் தேடித்தான் 1940களில் இந்திய இயற்பியலாளர் ஹோமி பாபாவும் பலூனைக் கையில் எடுத்தார். ரப்பர் பலூன்களைக் கொத்தாகக் கட்டி, கருவியைத் தொங்கவிட்டுப் பெங்களூரில் பறக்கவிட்டார்கள். மேலே போகப்போக ரப்பர் விரிந்து வெடித்துவிடும். ஒரே உயரத்தில் மணிக்கணக்காக மிதக்காது. 1947இல் அமெரிக்காவில் பாலித்தீன் பலூன் பறந்து இக்குறைக்குத் தீர்வு காட்டியது. 1950களில் டாடா நிறுவனமும் அவற்றைத் தானே செய்யத் தொடங்கியது. 1969இல் ஐதராபாத்தில் நிலையான தளம் அமைந்தது.

இடத்தேர்வு பொருத்தமானது. புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆற்றல் குறைந்த காஸ்மிக் துகள்களைப் பூமியின் காந்தப்புலமே விலக்கிவிடுகிறது. எக்ஸ் கதிர்க் கருவிகளுக்கு இரைச்சல் குறைவு. ஆனால் வெப்ப நாடுகளின் வானத்தில்தான் கடுங்குளிர் அதிகம். சுமார் 17 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி வரை இறங்கும். கடைப் பையைவிட மெலிதான பாலித்தீன் தாள் அங்கே நொறுங்கிப்போகும். அந்தக் குளிரைத் தாங்கும் தாளை உருவாக்கியதே இத்தளத்தின் பெருஞ்சாதனை எனலாம்.

ஏவுவதற்குத் தரைக்காற்று அடங்கிய நேரம் வேண்டும். பலூனைத் தரையில் நீளமாக விரித்து, உச்சிப் பகுதியில் மட்டும் ஹைட்ரஜனை நிரப்புவார்கள். மீதிப் பகுதி தொய்ந்தே கிடக்கும். ஏறஏற வெளி அழுத்தம் குறைந்து, வாயு விரிந்து அதை நிறைக்கும். தரையில், வாயு நிரம்பிய உச்சிக் குமிழை உருளை ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும். அதை விடுவித்ததும் குமிழ் எழும்பித் தாளை இழுத்துக்கொண்டு போகும். குமிழ் கருவித் தொகுதிக்கு நேர் மேலே வந்ததும் தொகுதியையும் விடுவிப்பார்கள். ஆய்வு முடிந்ததும் ரேடியோக் கட்டளையில் இணைப்பு அறுந்து, கருவிகள் பாராசூட்டில் இறங்கும்.

100 செ.மீ. அகச்சிவப்புத் தொலைநோக்கி இப்படிப் பலமுறை பறந்து, விண்மீன்கள் பிறக்கும் மேகங்களை ஆராய்ந்தது. 2005இல் சுமார் 7.5 லட்சம் கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூன் 459 கிலோ கருவிகளைச் சுமந்து, 20 முதல் 41 கி.மீ. வரையிலான காற்றைச் சேகரித்தது. அதில் கிடைத்த மூன்று புதிய பாக்டீரியா இனங்களை இஸ்ரோ 2009இல் அறிவித்தது. ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயர், ஒன்றுக்கு வானியலாளர் பிரெட் ஹொய்லின் பெயர், மற்றொன்றுக்கு இஸ்ரோவின் பெயர். அவை பூமிக்கு வெளியிலிருந்து வந்தவை என்று இந்த ஆய்வு நிறுவவில்லை.