கடலும் இல்லை, வேலியும் இல்லை... ஆனாலும் எல்லை!

கம்போங் ராஜாவில் பொழுது பெரும்பாலும் பனிமூட்டத்தோடுதான் விடிகிறது. கேமரன் மலையின் வடகோடியில் இருக்கும் இந்தச் சிற்றூரிலிருந்து ஒரு சாலை சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்குகிறது. இன்னொரு சாலை லோஜிங் வழியாகக் குவா மூசாங்கை நோக்கிப் போகிறது. காலையில் கம்பளிச் சட்டையோடு காரில் ஏறுகிறவர், மதியத்திற்குள் ஈப்போவில் வியர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டிருப்பார். மனிதனுக்கு இது வெறும் பயணம். ஆனால், இதே மலைக்காட்டில் வாழும் சில பறவைகளுக்கு அந்த இறக்கம் தாண்ட முடியாத எல்லை.

பறவைக்கு ஏது எல்லை? சிறகை விரித்தால் போதாதா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் 1850ஆம் ஆண்டுகளுக்குப் போக வேண்டும்.

1854இல் சிங்கப்பூர் வந்து இறங்கினார் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ். அதே ஆண்டில் மலாக்காவின் காடுகளிலும் அலைந்தார். பிறகு சரவாக், பாலி, லொம்போக் என எட்டு ஆண்டுகள் தீவு தீவாகச் சுற்றினார். சரவாக்கில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர், பறவைகளைச் சேகரிப்பதில் அவருக்கு வலக்கரமாக இருந்தார்.

1856இல் பாலியிலிருந்து லொம்போக் தீவுக்குக் கடந்தபோது வாலஸ் வியந்துபோனார். இரண்டு தீவுகளுக்கும் நடுவே ஓடும் நீரிணையின் அகலம் 20 முதல் 40 கிலோ மீட்டர்தான். ஆனால், ஆஸ்திரேலியப் பக்கத்தைச் சேர்ந்த கொண்டைக் கிளிகள் லொம்போக்கில் இருந்தன, பாலியில் இல்லை. பாலியில் அந்தக் காலத்தில் புலி இருந்தது, லொம்போக்கில் இல்லை. ஆசிய விலங்குகளையும் ஆஸ்திரேலிய விலங்குகளையும் பிரிக்கும் இந்தக் கோட்டுக்கு 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி ‘வாலஸ் கோடு’ என்று பெயரிட்டார்.

காரணம் என்ன? கடலின் அகலத்தை விட அதன் ஆழமே இங்கு முக்கியம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது நமது தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஒரே நிலப்பரப்பு. இதுபோன்ற காலங்களில் புலி நடந்தே பாலிக்குப் போக முடிந்தது. லொம்போக் நீரிணையோ 250 மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. கடல் அவ்வளவு வற்றியும் அந்த வாய்க்கால் மட்டும் வற்றவே இல்லை.

ஆழம் எப்படி எல்லையாகிறதோ, அப்படியே உயரமும் எல்லையாகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறைகிறது. அந்தக் குளிருக்குப் பழகிய உயிர்களுக்கு மலை என்பது ஒரு தீவு. சுற்றியிருக்கும் சூடான சமவெளிதான் கடல்.

வாலில் மயில்கண் போன்ற புள்ளிகளைக் கொண்ட ஒரு காட்டுக்கோழி இனம் தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கேமரன் மலை உள்ள தித்திவங்சா தொடரிலும், கிழக்கே தனித்து நிற்கும் தகான் மலையிலும் அது வாழ்கிறது. நடுவில் உள்ள தாழ்நிலம் அதற்கு உகந்த இடமல்ல.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும் இதே கதைதான். நீலகிரியிலும் தேயிலை விளைகிறது, வால்பாறையிலும் விளைகிறது. இரண்டு மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அகலம் 40 கிலோ மீட்டர் அளவுதான். ஆனால் வடக்கே நீலகிரிச் சிரிப்பான் என்றால், தெற்கே பழனிச் சிரிப்பான். இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் இனம் வேறு. சிறகு இருந்தும் அந்தப் பள்ளத்தை அவை தாண்டவில்லை.

1885இல் வில்லியம் கேமரன் இந்த மலைப் பகுதியை அளக்க வந்தார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நம்மவர்கள் கூடை சுமந்து ஏறிய சரிவுகள் இவை. தேயிலைக்குப் பின் காய்கறித் தோட்டங்கள் பெருகின. இன்று கம்போங் ராஜாவைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளை வெளேரெனப் படர்ந்து கிடக்கின்றன. இந்த விவசாயத்தால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கீழிருந்து தோட்டங்கள் ஏறுகின்றன. பூமி சூடாவதால் வெப்பமும் ஏறுகிறது. மலைப் பறவையின் தீவு இரண்டு பக்கமும் சுருங்குகிறது. அது இன்னும் மேலே போகலாமே என்று கேட்கலாம். பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டரைச் சற்றே தாண்டும். அதற்கு மேல் வானம்தான்!

வேலை இல்லாவிட்டால் மனிதன் ஈப்போவுக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்வான். அந்தக் கோழிக்கு இறங்க வழியில்லை. சரிவில் எஞ்சியிருக்கும் காட்டை விட்டுவைத்தால், அது இருக்கும் இடத்திலேயே வாழும். அதற்கு மேல் அது நம்மிடம் எதையும் கேட்கவில்லை.