சலானும் நிர்வாகி உரிமையும்: திருப்பூர் அலுவலகக் கணினிகளின் வரலாற்றில் ஒரு பக்கம்

திருப்பூரில் ஒரு பனியன் முழுவதும் ஒரே கூரையின்கீழ் உருவாவது அரிது. நூலை வாங்கும் நிறுவனம் அதை நிட்டிங்குக்கும், பின்னி வந்த துணியைச் சாயப்பட்டறைக்கும், பின்னர் காம்பாக்டிங்குக்கும் பிரின்டிங்குக்கும் 'ஜாப் ஒர்க்' என்னும் கூலிவேலை முறையில் அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் ரோல்களின் எண்ணிக்கை, எடை, ஏற்றவேண்டிய நிறம் ஆகியவற்றைக் குறித்த டெலிவரி சலான் துணியோடு செல்கிறது. அந்தச் சீட்டு துணிக்குச் சாயமேற்றும் உரிமையைத் தருகிறதேயன்றி அதை விற்கும் உரிமையைத் தருவதில்லை. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு–சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவும், கூலிவேலைக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பவேண்டும் என்று இவ்வழக்கத்துக்குக் காலவரம்பு விதிக்கிறது.

குறித்த வேலைக்கு, குறித்த அளவில், குறித்த காலத்துக்கு மட்டும் உரிமை தருவது என்னும் இதே கருத்தைக் கணினியில் முதன்முதலில் தெளிவாக வடித்தவர்களுள் ஒருவர், பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி. கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பில் எழுதும் உரிமை 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்கே உண்டு; ஆனால் தன் கடவுச்சொல்லை மாற்ற ஒவ்வொருவருக்கும் அக்கோப்பில் எழுதவேண்டியுள்ளது. ஆளின் உரிமையை உயர்த்தாமல், கடவுச்சொல்லை மாற்றும் அந்த ஒரு நிரல் மட்டும் அதன் உடைமையாளரின் உரிமையோடு ஓடும்படி அவர் வகுத்த 'செட்யுஐடி' முறைக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையே அடிப்படையாகக் கொண்டு, ஒரு கட்டளையை மட்டும் மேலுரிமையோடு இயக்கும் 'சுடோ' என்னும் கருவி 1980ஐ ஒட்டி நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பிறந்தது.

ஆயினும் சிறு அலுவலக மேசைகளுக்கு வந்து சேர்ந்த கணினி இந்த வழியில் வந்ததன்று. 1981இல் வெளியான ஐபிஎம் பிசியும் அதில் ஓடிய டாஸ் இயங்குதளமும் பயனர் என்ற பாகுபாட்டையே அறியாதவை. கணக்கு மென்பொருள் தனக்குள் கடவுச்சொல் கேட்டாலும், அதைவிட்டு வெளியே வந்தவர் ஒரே கட்டளையில் ஆண்டுக் கணக்கு முழுவதையும் அழித்துவிடலாம். விண்டோஸ் 95இல் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை எஸ்கேப் விசை தட்டியே கடந்துவிடலாம். 2000ஆம் ஆண்டின் விண்டோஸில் ஒரு நிரலை வேறொரு பயனரின் உரிமையோடு இயக்கும் 'ரன்அஸ்' என்ற கட்டளை வந்தும், 2001இன் எக்ஸ்பியை நிறுவும்போது உருவாகும் கணக்குகள் நிர்வாகி உரிமையுடனேயே அமைந்ததால், அந்தக் கட்டளையை நாடும் தேவை பெரும்பாலோருக்கு எழவில்லை. மென்பொருள் எழுதியவர்களும் அந்த உரிமை எப்போதும் இருக்கும் என்றே எழுதினர்.

2007 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்து கணக்கர்களின் வேலையை மாற்றியது. அதே மாதம் 30ஆம் தேதி விண்டோஸ் விஸ்டா பொதுச்சந்தைக்கு வந்தது. நிர்வாகியாக நுழைந்தவரின் நிரல்களும் சாதாரண உரிமையோடே ஓடும், மேலுரிமை தேவைப்படும்போது திரை மங்கி ஒப்புதல் கேட்கும் என்பது விஸ்டாவின் புதிய விதி. பழைய கணக்கு மென்பொருளோ தன் தரவை நிரல்களுக்குரிய 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையிலேயே எழுதி வந்தது. அங்கே எழுதத் தடை வந்தபோது, மென்பொருள் முடங்காமலிருக்க, விஸ்டா அந்த எழுத்தை ஒவ்வொரு பயனருக்கும் தனியான 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்னும் மறைவிடத்துக்குத் திருப்பிவிட்டது. இதனால் ஒரே கணினியில் தத்தம் பெயரில் நுழையும் கணக்கரும் முதலாளியும் இருவேறு பேரேடுகளைக் காண நேரும். அதே கணக்கர் மறுநாள் மென்பொருளை 'நிர்வாகியாக இயக்கு' என்று திறந்தால், முந்தைய நாள் பதிந்த பில்கள் காணாமற்போயிருக்கும். அவை அழிந்துவிடவில்லை என்றாலும், சாயப்பட்டறைகளின் கூலிப் பாக்கியைத் தீர்க்கவேண்டிய சனிக்கிழமை மாலையில் அந்த விளக்கம் எவருக்கும் ஆறுதலாக இருந்திருக்காது.

தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றுவதே இதற்குச் சரியான தீர்வு. அதைவிட எளிதாகக் கைக்கு வந்ததோ, மென்பொருளின் சின்னத்தை வலச்சொடுக்கி, எப்போதும் நிர்வாகியாகவே இயங்கும்படி டிக் செய்துவிடுவது. பேட்டர்ன் வரையும் கேட் மென்பொருளின் உரிமச் சாவியான டாங்கிளுக்கு டிரைவர் நிறுவ நிர்வாகி உரிமை ஒருமுறைதான் வேண்டும். அதற்காக அந்த மென்பொருளுக்கு நிரந்தர உரிமை வழங்குவது, சாயமேற்றப் போன துணியை விற்கவும் சலான் எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பில் சுடோவும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அமைப்புகளுக்குள் சென்று இயக்கும்வரை அது அணைந்தே இருக்கும்.