மாணவர் இலக்கமுறைக் கோவை

மாணவர் இலக்கமுறைக் கோவை என்பது, மாணவர் ஒருவர் ஒரு தவணையிலோ ஓராண்டிலோ கணினியின் துணைகொண்டு இயற்றிய ஆவணங்கள், விரிதாள்கள், செய்நிரல்கள், வலைப்பக்கங்கள் முதலியவற்றுட் சிலவற்றைத் தாமே தெரிந்தெடுத்து, அவற்றின் முதல் வரைவையும் திருத்திய வடிவங்களையும் ஒருங்கே பேணி, ஒவ்வொன்றுக்கும் தம் சொற்களில் ஒரு விளக்கக் குறிப்பும் சேர்த்து ஆசிரியர் பார்வைக்கு வைக்கும் தொகுதியாகும். தெரிவும் குறிப்பும் இல்லாதவிடத்து எஞ்சுவது வெறும் கோப்புறையே.

ஓவியரும் கட்டடக் கலைஞரும் தம் படைப்புகளைத் தொகுத்துக் காட்டிய பழைய வழக்கமே இதன் மூலம். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலம் 1991-92இல் நான்காம், எட்டாம் வகுப்புகளின் எழுத்துப் பயிற்சியையும் கணிதத்தையும் கோவைகளால் மதிப்பிட முற்பட்டது. கோவைகளைப் பேணுவதற்கென மஹாரா என்னும் திறந்த மூல மென்பொருள் 2006இல் நியூசிலாந்தில் உருவாகத் தொடங்கியது.

இலங்கையில் இம்முறைக்கு வேண்டிய அத்திவாரம் முன்னரே இடப்பட்டுள்ளது. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து பாடசாலை மட்டக் கணிப்பீடு நாடெங்கும் பரவியது. க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடமோ சொல்முறைவழிப்படுத்தல், விரிதாள், தரவுத்தளம், பஸ்கால் மொழியிற் செய்நிரலாக்கம், வலைத்தள ஆக்கம் என முற்றிலும் கைப்பழக்கத்தால் வரவேண்டிய விஷயங்களைக் கொண்டது. ஆயினும் அப்பாடத்தின் முதல் வினாத்தாள் நாற்பது பல்தேர்வு வினாக்களால் ஆனது; இரண்டாவதும் எழுத்துத் தாளே. நீந்தத் தெரியுமா என்பதைக் கரையில் நிறுத்திக் கேட்டறிவது போன்ற இக்குறையைப் போக்கவல்ல சாதனம் கோவையே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

கண்டி நகருக்கு வடகிழக்கே, தமிழ் மொழி மூலம் பயிலும் முஸ்லிம் பிள்ளைகள் நிறைந்த மடவளையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கடைத்தெருவின் பலசரக்குக் கடையொன்றின் ஒரு மாத வரவு செலவை விரிதாளில் இடும்படி தரம் 10 மாணவி ஒருத்தியைப் பணித்தால், முதல் வடிவில் அவள் கூட்டுத்தொகையைக் கணிப்பானிற் கண்டு கையாலே தட்டியிருக்கக்கூடும். இரண்டாவதிற் சூத்திரம் வந்திருக்கும். மூன்றாவதில், விலைக்கழிவு வீதம் இருக்கும் கலத்தின் முகவரி சூத்திரத்தை நகலெடுக்கும்போது நகர்ந்துவிடாமல் அதனை நிலைநிறுத்தும் உபாயத்தையும் கண்டிருப்பாள். இறுதி விடை மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே விடையை மட்டும் நோக்கும் பரீட்சகருக்கு மூன்றும் ஒன்றே. முதல் வடிவம் ஒரு விலை மாறியவுடன் பொய்யாகிப் போவதையும் மூன்றாவது தானே திருந்திக்கொள்வதையும் கோவை அருகருகே வைத்துக் காட்டுகிறது. அவ்வேற்றுமைக்குக் காரணம் யாதென மாணவி எழுதும் நான்கு வரிக் குறிப்பிலேயே அவளது அறிவின் ஆழம் புலனாகிறது.

தமிழ் எழுத்தையே நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். பாமினி எழுத்துருவிலே தட்டச்சிட்ட கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறக்கும்போது பொருளற்ற ஆங்கிலக் குறிகளாய்ச் சிதறும். அச்சிட்டு ஒப்படைக்கும் வரையில் வெளிப்படாத இக்குறை, பிறர் கணினியிலும் திறக்கப்பட வேண்டிய கோவையில் முதல் நாளே வெளிப்பட்டு, யூனிக்கோட் எதற்கு என்பதை எந்த விரிவுரையினும் நன்றாகக் கற்பித்துவிடுகிறது. குறிப்புகள் தாய்மொழியிலேயே அமைதல் அவசியம். நவீன வித்தைகளின் தேவையைத் தமிழில் எடுத்துரைக்க 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை பிறந்த கண்டியில், இதற்கு வேறு நியாயம் தேடவேண்டியதில்லை.

இம்முறைக்கு இடர்களும் உள. வெர்மொன்ட் கோவைகளை ஆராய்ந்த டானியல் கொரெட்ஸ் குழுவினர், ஒரே கோவைக்கு இரு மதிப்பீட்டாளர் இட்ட புள்ளிகள் போதிய அளவு ஒத்துவரவில்லை எனக் கண்டனர். இரண்டாம் ஆண்டிற் கணிதத்தில் இவ்வுடன்பாடு உயர்ந்ததெனினும் எழுத்திற் பெரிதும் முன்னேறவில்லை. எனவே அளவுகோல்களை முன்கூட்டியே வகுத்தலும், அயற்பாடசாலை ஆசிரியர் சில கோவைகளை மறுபார்வையிடுதலும் இன்றியமையாதன. வேறொருவர் செய்துகொடுத்த வேலையை இனங்காணச் சிறந்த வழி, மாணவரை அருகழைத்து, சூத்திரத்தில் ஒரு சிறு மாற்றத்தைக் கண்முன்னே செய்யச் சொல்வதேயாகும். பிள்ளைகளின் படங்களும் பெயர்களும் கோவையில் இடம்பெறுவதால் அதனைப் பார்ப்போர் ஆசிரியரும் பெற்றோரும் என்ற அளவிலே நிற்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விஷயத்திற் கருதத்தக்கது.

இணைய வசதி குன்றிய இடத்தில் கோவையை ஒரு பென் டிரைவில் வைத்திருந்தாலும் போதும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப் வழியே ஒப்படைகளைப் பெற்றுத் திருத்தி அனுப்பிய ஆசிரியர்கள், இவ்வழியிற் பாதித் தூரத்தை அறியாமலே கடந்துவிட்டவர்கள். அன்று வந்து மறைந்த அவ்வேலைகள் பேணப்படாமற் போனமை ஒன்றே குறை. தவணைக்கு ஐந்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் இரு வடிவங்கள், ஒரு குறிப்பு என்ற சிறிய அளவிலே தரம் 10 ஆசிரியர்கள் அடுத்த தவணையிலேயே இதனைத் தொடங்குவார்களாக.