ஆப்பரா அரங்கில் பெண் நடத்துநர்: பயிற்சியும் நியமன அதிகாரமும்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 1883-இல் தொடங்கிற்று. அதன் வாத்திய கோஷ்டியை நடத்த ஒரு பெண் முதன்முதலாகக் கோலெடுத்தது 1976-ஆம் ஆண்டு ஜனவரியில். வெர்டியின் ‘லா டிராவியாட்டா’வை அன்று நடத்திய ஸாரா கால்ட்வெல்லுக்குப் பின் இரண்டாமவராக ஸிமோன் யங் வந்து சேர்வதற்குள் இருபது ஆண்டுகளும், மூன்றாமவராக ஜேன் குளோவர் 2013-இல் வருவதற்குள் மேலும் பதினேழு ஆண்டுகளும் உருண்டோடின. முதற்பெண் ஒருத்தி படியேறிவிட்டால் அவள் பின்னே வழி தானாகத் திறந்துகொள்ளும் என்ற பொதுவான நம்பிக்கையை இந்த இடைவெளிகள் தகர்த்துவிடுகின்றன. ஆப்பரா நடத்துநரின் கல்வி ஆப்பரா ஸ்தாபனத்துக்கு உள்ளேயன்றி வேறெங்கும் நிறைவு பெற இயலாதாகையால், பெண்களுக்குப் பயிற்சியளிப்பது பற்றிய பிரச்சினையை, ஸ்தாபனத்தில் நியமனம் செய்யும் அதிகாரம் யாரிடத்தில் இருக்கிறது என்ற பிரச்சினையினின்றும் பிரித்து ஆராய்வது வீண் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வயலின் கற்பவர் தம் அறைக்குள் தனித்திருந்து ஆயிரம் முறை தவறி, அத்தவறுகளை ஒருவரும் அறியாதபடி திருத்திக்கொள்ளலாம். நடத்துநருக்கோ அந்தச் சலுகை கிடையாது. அவருடைய வாத்தியம் என்பது ஊதியம் பெறும் எழுபது எண்பது கலைஞர்களின் கூட்டமாதலால், அவர் சாதகம் செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் பெரும் பொருட்செலவுக்கு உரியது, அவர் செய்யும் ஒவ்வொரு பிழையும் பல்லோர் முன்னிலையில் நிகழ்வது. கச்சேரி மேடையிலேயே நிலைமை இப்படியென்றால், ஆப்பராவில் அது பன்மடங்கு சிக்கலாகிறது. புச்சீனியின் ‘லா போயெம்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தை எடுத்துக்கொள்வோம்: சிற்றுண்டிச் சாலையின் முன்னே தலைமைப் பாடகர்கள் உரையாடலாய்ப் பாட, தெருக் கூட்டமாக நிற்கும் பெருங்குழு குறுக்கிட, சிறுவர் குழு ஓடிவர, இறுதியில் ராணுவ வாத்தியக்காரர்கள் அணிவகுத்து நுழைய, இத்தனைக்கும் நடுவே, மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் நிற்கும் ஒருவர் கையசைவாலும் கண்ணாலும் அனைவரையும் ஒரே காலப்பிரமாணத்தில் கட்டிக்காக்க வேண்டும். பாடகி எங்கே மூச்சு வாங்குவாள், எந்த ஸ்வரத்தில் சற்றே தங்குவாள், தூரத்தில் நிற்கும் குழுவின் குரல் எவ்வளவு பிந்தி வந்து காதில் விழும் என்பனவற்றை நூல்களால் கற்பிக்க முடியாது. அரங்கத்தில் நின்று, இரவுக்கு இரவு கற்றுக்கொள்ள வேண்டியவை அவை.

இதனை உணர்ந்தே ஐரோப்பிய அரங்கங்கள், சிறப்பாக ஜெர்மானிய அரங்கங்கள், தமக்கென ஒரு குருகுலச் சம்பிரதாயத்தை வகுத்துக்கொண்டன. இளைஞர் ஒருவர் ஒத்திகை அறையில் பியானோ வாசித்துப் பாடகர்களுக்குப் பாடம் சொல்லுபவராக நுழைந்து, உதவி நடத்துநராகி, பிறகு கப்பெல்மைஸ்டர் எனப்படும் அரங்கத்தின் நிலைய நடத்துநராகி, இறுதியில் தலைமை இசையதிகாரியாக உயர்வார். ஆஸ்திரேலியாவில் ஒத்திகைப் பியானோ வாசித்துத் தொடங்கிய ஸிமோன் யங், கொலோன் அரங்கில் பணியாற்றி, நடத்துநர் டேனியல் பாரன்பாய்மின் உதவியாளராக இருந்து, 1993-இல் வியன்னா அரசு ஆப்பராவை நடத்திய முதற்பெண் ஆனார். அந்த அரங்கின் கலைஞர்களைக் கொண்டே அமைந்த வியன்னா ஃபில்ஹார்மோனிக், பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொள்ள 1997 வரை காத்திருந்தது என்பதை நினைத்தால் அந்த இரவின் அருமை விளங்கும். உக்ரைன் நாட்டு ஒக்ஸானா லினிவ் மூனிக்கில் கிரில் பெத்ரென்கோவுக்கும், பிரெஞ்சு நடத்துநர் கிளேர் ஜிபோ கிளாவுதியோ அப்பாதோவுக்கும் உதவியாளராக இருந்தவர்கள். 2022-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ஆப்பராவை நடத்திய முதல் இத்தாலியப் பெண்ணான ஸ்பெரான்ஸா ஸ்கப்புச்சியும் ஒத்திகைப் பியானோவிலிருந்தே எழுந்து வந்தவர்.

இந்தச் சரிதங்களில் நம் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. ஒத்திகை அறையில் பெண்கள் இல்லாமலிருந்ததில்லை. பியானோ வாசிப்பிலும் பாடம் சொல்வதிலும் அவர்களுடைய திறமை நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்டே வந்தது. அந்த அறைக்கும் பள்ளத்துக்கும் இடையிலிருந்த கதவே அவர்களுக்கு மூடியிருந்தது; அதைத் திறக்க மனமுள்ள பெரிய நடத்துநர் ஒருவர் தற்செயலாக வாய்த்தவர்கள் முன்னேறினர், வாய்க்காதவர்கள் பியானோவின் அருகிலேயே தம் ஆயுளைக் கழித்தனர். ஓர் ஆணின் பெருந்தன்மையை நம்பி ஒரு கலைப் பரம்பரையின் பாதித் திறமை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கது மட்டுமன்று, அக்கலைக்கே நேர்ந்த நஷ்டம் என்றும் சொல்லுவேன்.

பெண்களுக்கென்று தனிப் பயிற்சி எதற்கு, திறமை தானே வெளிப்படாதா என்று கேட்போர் உண்டு. வாத்தியக் கலைஞர்களின் தேர்வில் அமெரிக்க இசைக்குழுக்கள் திரைக்குப் பின்னே வாசிக்கச் செய்யும் முறையைக் கைக்கொண்ட பிறகு, முகம் பாராமல் நாதத்தை மட்டும் கேட்டு முடிவு செய்வது சாத்தியமாயிற்று. நடத்துநருக்கு அந்தத் திரை உதவாது. கையும் தோளும் முகமுமே அவருடைய மொழியாகையால், அவரைப் பார்க்காமல் மதிப்பிட வழியே இல்லை. பார்ப்பவர் கண்ணில் அதிகாரம் என்றால் ஆணின் உருவமே நெடுநாளாகப் பதிந்திருக்கும்போது, பாரபட்சத்தை அகற்ற எஞ்சியிருக்கும் உபாயம் ஒன்றுதான்: அந்த உருவத்தைக் கண்கள் மறக்குமளவுக்குப் பல பெண்களை அந்த இடத்தில் நிற்கச் செய்வது.

டாலஸ் ஆப்பரா 2015-இல் கீத் செர்னியின் நிர்வாகத்தில் ஏற்படுத்திய ஹார்ட் பயிற்சி நிலையத்தை நான் மதிப்பது இக்காரணத்தாலேயே. பெண் நடத்துநர்கள் சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டு, அரங்கத்தின் சொந்த வாத்திய கோஷ்டியையும் பாடகர்களையும் வைத்துப் பயின்று, முடிவில் பொதுமக்கள் முன் கச்சேரி நடத்துகிறார்கள். அதனோடு ஒப்பந்தம் பேசுவது, அரங்க நிர்வாகிகளோடு பழகுவது முதலிய லௌகிக விஷயங்களும் அவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. இந்த இரண்டாம் பகுதியை அற்பமென்று சிலர் கருதக்கூடும். ஆண்களுக்கு இந்த ஞானம் சாப்பாட்டு மேஜையிலும் நட்புக் கூட்டங்களிலும் கேளாமலே வந்து சேர்ந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆயினும் சில நாட்களே நீடிக்கும் பயிற்சி, ஒரு பருவம் முழுவதும் அரங்கத்தில் உழலும் அனுபவத்துக்கு ஈடாகாது. பயின்று வெளியேறும் பெண்ணுக்கு அடுத்த வாரமே ஒரு வாத்திய கோஷ்டி தேவை. அதைத் தருபவர் அரங்கத்தின் தலைவர். ஆகவே பிரச்சினை மீண்டும் நியமன அதிகாரத்திடமே வந்து நிற்கிறது.

ஸாரா கால்ட்வெல்லின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று. பிறர் தராத வாய்ப்பைத் தாமே உண்டாக்கிக்கொள்ள அவர் 1958-இல் பாஸ்டனில் சொந்தமாக ஓர் ஆப்பராக் குழுவை நிறுவி, நடத்துநராகவும் இயக்குநராகவும் நிர்வாகியாகவும் ஒருங்கே உழைத்தார்; ஷோன்பெர்கின் ‘மோசஸும் ஆரோனும்’ அமெரிக்காவில் முதன்முதலாக 1966-இல் அரங்கேறியது அவர் குழுவினாலேயே. மெட்ரோபாலிட்டனின் கதவு அவருக்குத் திறந்ததும்கூடப் பெவர்லி ஸில்ஸ் என்ற பெரும் பாடகி அவருக்காக நின்றதனால்தான். அந்த ஸில்ஸே 1979 முதல் நியூயார்க் சிட்டி ஆப்பராவின் தலைவராக விளங்கினார். சிகாகோ லிரிக் ஆப்பராவில் 1954-இல் எழுத்தராகவும் பாடகியாகவும் சேர்ந்த ஆர்டிஸ் க்ரைனிக், கடன் சுமையில் தத்தளித்த அந்த அரங்கை 1981-இல் ஏற்று நிமிர்த்தினார். நடத்துநர் பயிற்சியைப் போலவே நிர்வாகத் தலைமையும் அரங்கத்துக்குள்ளே படிப்படியாகக் கற்கப்படுவது என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

தலைமையில் ஒரு பெண் அமர்ந்தாலே போதுமா என்று கேட்டால், போதாது என்று, வாக்னரின் நாடகங்களுக்கென்றே நடைபெறும் பைராய்ட் விழா உரைக்கிறது. வாக்னரின் மனைவி கோஸிமா அவர் மறைவுக்குப் பின் அவ்விழாவை 1906 வரை ஆண்டார். அவருடைய மருமகள் வினிஃப்ரெட் 1930 முதல் 1944 வரை ஆண்டார். இருவர் காலத்திலும் அந்தப் பள்ளத்தில் ஒரு பெண்ணும் கோலேந்தவில்லை. கைம்மையின் வழியே கைக்கு வந்த அதிகாரம், மறைந்தவரின் மரபைக் கட்டிக்காப்பதையே தன் கடமையாகக் கொண்டது இயல்பே. அன்றியும் அழைப்பதற்குரிய பயிற்சி பெற்ற பெண்களை அக்காலம் உருவாக்கவுமில்லை. 1876-இல் தொடங்கிய விழாவில் 2021-இல், கத்தரீனா வாக்னரின் தலைமையில், லினிவ் ‘பறக்கும் டச்சுக்காரன்’ நாடகத்தை நடத்தினார். லினிவோடு 2023-இல் நத்தலி ஸ்டுட்ஸ்மானும் 2024-இல் ஸிமோன் யங்கும் சேர, 2024-ஆம் ஆண்டின் நடத்துநர் ஐவரில் மூவர் பெண்கள். பயிற்சி பெற்றவர்களும் அழைக்க விரும்பியவரும் ஒரே காலத்தில் அமைந்தபோது, நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளின் தடை மூன்றே ஆண்டுகளில் விலகியது.

இங்கிருந்து செய்யத்தக்கது எதுவென்பது எனக்குத் தெளிவாகவே தோன்றுகிறது. ஒரு நாடகம் பல இரவுகள் தொடர்ந்து நடைபெறும்போது, கடைசிச் சில இரவுகளை உதவி நடத்துநரிடம் ஒப்படைக்கும் வழக்கம் பல அரங்கங்களில் ஏற்கெனவே உண்டு. அதைத் தலைமை நடத்துநரின் விருப்பத்துக்கு விடாமல், உதவியாளரின் ஒப்பந்தத்திலேயே உரிமையாக எழுதிவிடலாம். பயிற்சி நிலையங்கள் தங்களோடு இணையும் அரங்கங்களிடம் சான்றிதழுக்குப் பதில் இந்த இரவுகளையே கேட்டுப் பெற வேண்டும். முதல் இரவில் தடுமாறிய இளைஞர்களை அரங்கங்கள் மீண்டும் மீண்டும் அழைத்தே பெரிய நடத்துநர்களாக வளர்த்திருக்கின்றன. எனவே அவ்வொப்பந்தத்தில் ஒரு பெண்ணுக்கு முதல் அழைப்போடு இரண்டாம் அழைப்பும், மூன்றாவதும் இடம்பெற வேண்டும்.