காயலான் கடைக்குப் போன காக்பிட்டுகள்

பெஹாலாவில் ஒரு விமானத் தளம் இருப்பது கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. விமானம் என்றால் டம்டம்தான். பெஹாலா ஓடுபாதையோ சின்ன விமானங்களுக்கானது, பறக்கக் கற்றுக்கொடுத்த இடம்.

அந்த டம்டமில் ஒரு பழைய டகோட்டா பல வருடங்கள் ஓரமாகக் கிடந்தது. பதிவு எண் விடி-ஏயூஐ. பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் விமானம். (ஒரிசா முதல்வராகத்தான் பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு முன் அவர் விமானி. டச்சுக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவி, 1947 ஜூலையில் இந்தோனேசியத் தலைவர் ஷாரீரை டகோட்டாவில் ஏற்றி வந்தவர்.) 2023 ஜனவரியில் அந்த விமானத்தைப் பிரித்து, லாரிகளில் புவனேஸ்வருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பூட்டி, வர்ணம் அடித்து, மார்ச் 5, அவர் பிறந்தநாளன்று பார்வைக்கு வைத்தார்கள்.

இப்படிக் கிடக்கும் விமானங்களில் முதலில் காணாமல் போவது காக்பிட் சாமான்கள்தான். இறக்கையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு டயலைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் போதும். மிச்சமெல்லாம் எடைக்கு எடை, பேரீச்சம்பழக் கணக்கு!

அதனால்தான் உலகம் முழுக்க சிலர் வீட்டுப் பட்டறையில் இவற்றைக் கையாலேயே செய்கிறார்கள். அலுமினியத் தகட்டை அறுத்து, அரம் போட்டு பேனல். பேக்கலைட் குமிழுக்கு, கிடைத்த ஒன்றை வைத்து சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து ரெசின் வார்ப்பார்கள். பிரிட்டிஷ் போர் விமானம் என்றால் ஒரு வசதி: வேகம், உயரம், திசை காட்டுவது உட்பட முக்கியமான 6 கருவிகளும் ஒரே பேனலில், மேலே 3, கீழே 3 என்று எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும். ஒன்று பழகினால் மற்றதும் வந்துவிடும்.

அசலே கிடைத்தாலும் ஜாக்கிரதை. அந்தக் கால டயல்களின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பெயின்ட் உண்டு. இருட்டில் ஒளிர்வது நின்று போயிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் திறந்து சுரண்டவே கூடாது. இந்த விஷயத்தில் அசலைவிட நகலே மேல்.

நம் நாட்டில் இந்த வேலை பொழுதுபோக்காக அல்ல, தேவைக்காகவே நடந்திருக்கிறது. கான்பூர் கதை தெரியுமோ?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் வரிசையாக நிறுத்தியது. அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்தவை அவை. திருப்பிக் கொடு, இல்லை காசு கொடு, இல்லை அழித்துவிடு என்பதுதான் ஒப்பந்தம். (கடன் பத்திரங்களோடே காலம் தள்ளும் எனக்கு இந்த மூன்றாவது ஷரத்து விசித்திரமாகத்தான் இருக்கிறது.) கருவிகளை அடித்து நொறுக்கினார்கள், எஞ்சின்களில் மண்ணைக் கொட்டினார்கள். இனி பறக்காது என்று நம்பி விட்டுப் போனார்கள்.

1948-ல் குண்டுவீச்சு விமானம் வாங்கப் புது அரசிடம் பணம் இல்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் கான்பூர் போனார்கள். ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டி, அங்கேயே ஓரளவு ஒட்டுப் போட்டார்கள். அந்த நிலையில் அவற்றைப் பெங்களூர் வரை ஓட்டி வந்தவர் அவர்களுடைய சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. எந்தத் தைரியத்தில் ஏறி உட்கார்ந்தாரோ! பெங்களூரில் முழுமையாகப் பழுது பார்த்து 40-க்கும் மேற்பட்டவற்றைப் பறக்க வைத்தார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே இவற்றை வைத்து 5-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியாயிற்று. பிறகு கடல் கண்காணிப்பும் செய்து, 1968-ல்தான் ஓய்வு பெற்றன. உலகில் எந்த ராணுவத்திலும் அவ்வளவு காலம் லிபரேட்டர் ஓடவில்லை.

பிரிட்டனிலோ காட்டுவதற்குக்கூட ஒரு லிபரேட்டர் மிஞ்சவில்லை. கேட்டார்கள். எச்இ807 என்ற நம் விமானம் 1974-ல் அங்கே பறந்து போனது, ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துக்கு அன்பளிப்பாக. கான்பூரில் அவர்களே கழித்துப் போட்டுவிட்டுப் போன அதே விமானம்தான்.