துறத்தல்

கொண்டிருந்த கொள்கையை அல்லது சமயத்தைப் பலரறிய விட்டு விலகுவதைக் குறிக்கும் வினை. லத்தீனில் இதற்கு ஈடான வினை சத்தியம் செய்து மறுப்பதைச் சொல்வது. 1633இல் ரோமில் கலிலியோ மண்டியிட்டு வாசித்தது அத்தகைய மறுப்பே. தமிழில் சத்தியத்துக்கு இடமில்லை: கைவிடுதலே பொருள். அதனால் இல்லறம் துறப்பதற்கும் சமயம் துறப்பதற்கும் ஒரே வினை. திருப்போரூர் முருகன் கோயிலைப் புதுப்பித்தவராகப் போற்றப்படும் சிதம்பர சுவாமிகள் (17ஆம் நூற்றாண்டு) முதல் வகையினர்.

இரண்டாம் வகைக்குத் தலையாய சான்று திருநாவுக்கரசர். தருமசேனர் என்ற பெயரில் சமணர்களுக்குத் தலைவராயிருந்தவர், சூலைநோய் தாளாமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, தமக்கை திலகவதியார் கையால் திருநீறு பெற வந்ததைப் பெரியபுராணம் உருக்கமாகச் சொல்கிறது. அவரைத் தொடர்ந்து சைவரான பல்லவ மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்பர். திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டில், மாற்று நெறியிலிருந்து திரும்பியதாக வரும் தொடரை இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். அத்தொடர் சிலேடை, அதை மட்டும் நம்பி முடிவு கட்டுவது சரியன்று.