எண்பது தோல்விகளின் பின்னணி

1989ஆம் ஆண்டு நவம்பர் தொடங்கி 1998ஆம் ஆண்டு செப்டம்பர் வரையில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் பிரேரி வியூ பல்கலைக்கழகத்தின் காற்பந்துக் குழு தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோற்றது. இடையில் சமநிலையில் முடிந்த ஆட்டம்கூட ஒன்றில்லை. செல்வமும் புகழும் மிக்க நியூயார்க்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் 1983 முதல் 1988 வரை 44 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றபோதே நாடு வியந்தது. பிரேரி வியூவின் கணக்கு ஏறத்தாழ அதனைப் போல் இரு மடங்கு. ஆயினும் இவ்வெண்ணை மட்டும் கண்டு அக்குழுவினரைத் திறனற்றவர்கள் என்று ஒதுக்குவோர், வரலாற்றின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர் ஆவர்.

இங்குக் குறிப்பிடப்படும் காற்பந்து, நம் பள்ளித் திடல்களில் ஆடப்படுவதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. முன்னேறித் தாக்குவதற்குப் பதினொருவர், எதிரியைத் தடுப்பதற்கு வேறு பதினொருவர், அடிபட்டு வீழ்வோருக்கு மாற்றாக இன்னும் பலர் எனப் பெருங்கூட்டம் தேவை. தலைக்கவசம் முதல் தோட்காப்பு வரை செலவும் மிகுதி. ஆளும் பொருளும் குறைந்த கல்லூரிக்கு அவ்வாட்டம் இரக்கம் காட்டுவதில்லை.

பிரேரி வியூ, ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில் உள்ளது. கறுப்பின இளைஞர்களுக்கென 1876ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றத்தால் இக்கல்லூரி நிறுவப்பெற்றது. அதற்கு ஒதுக்கப்பட்ட நிலம், முன்னர் அடிமைகள் உழைத்த அல்டா விஸ்டா என்னும் தோட்டம் என்பது நோக்கத்தக்கது. 1878ஆம் ஆண்டில் எட்டே மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. மறு ஆண்டே அது கறுப்பினப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையமாக மாற்றப்பட்டது. அம்மாநிலத்துக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களில் பல தலைமுறையினர் அங்குப் பயின்று சென்றவர்களே.

இத்தகைய கல்லூரி விளையாட்டிலும் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. பில்லி நிக்ஸ் என்னும் பயிற்றுநரின்கீழ் 1953, 1954, 1958, 1963, 1964 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய வெற்றியாளர் என்னும் பெயரைப் பெற்றது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் ஈட்டிய ஓடிஸ் டெய்லரும் கென் ஹூஸ்டனும் அத்திடலில் வளர்ந்தவர்கள். இவ்வெற்றிக்குப் பயிற்றுநரின் திறமை ஒரு காரணம். மற்றொரு காரணம் கசப்பானது. டெக்சஸின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்திருந்தன. எத்துணை ஆற்றல் பெற்ற இளைஞனாயினும், சொந்த மாநிலத்தில் ஆட விரும்பினால், அவனுக்குத் திறந்திருந்த கதவுகள் பிரேரி வியூ போன்ற சிலவே.

அந்த அடைப்பு மெல்லத் தகர்ந்தது. போமாண்ட் நகரத்து ஜெர்ரி லிவையஸ், 1965ஆம் ஆண்டு டாலசிலுள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் உபகாரச் சம்பளத்தைப் பெற்றார். 1969ஆம் ஆண்டில் தேசிய வெற்றியாளராகிய டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் குழுவிலோ ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. மறு ஆண்டுதான் ஜூலியஸ் விட்டியர் அதில் இடம்பெற்றார். அதன்பின் வெள்ளம் திசை மாறியது. முன்னர் பிரேரி வியூவை நாடிய இளைஞர்களைப் பெரிய திடலும் பெருந்தொகையும் தொலைக்காட்சி வெளிச்சமும் உடைய பல்கலைக்கழகங்கள் அழைத்துக்கொண்டன. இதனை யார் குறை கூற இயலும்? நீண்ட காலம் மறுக்கப்பட்ட நீதி அது. ஆனால் அந்நீதிக்கான விலையின் ஒரு பகுதியை, அவ்விளைஞர்களின் முன்னோருக்குப் புகலிடம் அளித்த கல்லூரியே செலுத்த நேர்ந்தது.

பணமுடையும் சேர்ந்தது. 1990ஆம் ஆண்டு காற்பந்துக் குழு களமிறங்கவே இல்லை. 1991ஆம் ஆண்டு ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது, விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் ஒருவருக்கும் இல்லை. கல்விக் கட்டணத்துக்குத் தாமே வழி தேடிக்கொண்ட மாணவர்கள், உபகாரச் சம்பளம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்டக்காரர்களை எதிர்த்து நின்றனர். 1991 முதல் 1997 வரை முழுமையாக ஏழு பருவங்கள். ஒரு வெற்றியும் இல்லை. 1991இல் சேர்ந்து நான்காண்டுகளில் பட்டம் பெற்ற மாணவன், தன் கல்லூரி வெல்வதை ஒருமுறையும் காணாமலே வெளியேறினான். நாடெங்கும் செய்தியாளர்கள் இத்தோல்விகளைப் பற்றி எழுதினர், சிலர் நகையாடினர். தோற்கப்போவது பெரும்பாலும் உறுதி என்று அறிந்தும், பணப்பயன் ஏதுமின்றி, வாரந்தோறும் உடலை வருத்தி ஆடிய அம்மாணவர்களின் மனவுறுதி நகைப்புக்குரியதாகுமா?

பார்வையாளர் சிலரேனும் திடலுக்கு வந்தமைக்குக் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழுவும் காரணம். ஆட்டத்தின் இடைவேளையில் அணிவகுத்து இசைப்பதில் அது பேர்பெற்றது. குழு தோற்றாலும் வாத்தியம் தோற்பதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம் போலும்! ஆனால் 1998 செப்டம்பர் 19ஆம் நாள் போமாண்ட் நகரில், சதர்ன் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் இரு வாத்தியக் குழுக்களும் கைகலந்தன. இரு குழுக்களுக்கும் இரண்டு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அன்றைய தோல்வி 80ஆவது.

அடுத்த வாரம், செப்டம்பர் 26ஆம் நாள், ஓக்லஹோமா நகரில் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தைப் பிரேரி வியூ 14–12 என்னும் கணக்கில் வென்றது. ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தோல்விக்கும் இசை முழக்கிய வாத்தியக் குழு, அவ்வெற்றியின்போது அங்கில்லை.

ஒரு வெற்றியால் நிலைமை உடனே மாறிவிடவில்லை. தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த பருவம் ஒன்றைக் காண 2007ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 டிசம்பரில், பர்மிங்காம் நகரில், அலபாமா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தை 30–24 என வீழ்த்தித் தென்மேற்குக் கூட்டமைப்பின் பட்டத்தை அக்குழு வென்றது. அதற்கு முன் அப்பட்டம் கிட்டிய ஆண்டு 1964. அன்று ஆடிய இளைஞர்கள் இப்போது அறுபது வயதைக் கடந்திருந்தனர்.